ராணிக்குச் சத்தம் ஆகாது

வழிகாட்டி: ...ஆக, இந்த ராஜாவுக்குக் கால் தரைக்கு எட்டாது.

கேமராக்காரர்: எட்டாதா?

வழிகாட்டி: எட்டாது. சிம்மாசனத்துக்கு முன்னாடி என்ன இருக்கு, பாருங்க.

குடைக்காரி: முக்காலி.

வழிகாட்டி: வெல்வெட் வச்சுத் தைச்ச முக்காலி. கால் எட்டுறவனுக்கு எதுக்கு முக்காலி?

கேமராக்காரர்: அது அந்தஸ்துக்கு வைக்கிறதும்மா. எல்லா சிம்மாசனத்துக்கும் இருக்கும்.

வழிகாட்டி: அப்ப எல்லா ராஜாவும் குள்ளம்.

குடைக்காரி: ஹ்ஹா... மன்னிச்சுக்குங்க, சிரிப்பு வந்துடுச்சு.

வழிகாட்டி: நல்லா சிரிங்க குடையம்மா. தொடாதேன்னு பலகை இருக்கு, எச்சில் துப்பாதேன்னு பலகை இருக்கு. சிரிக்காதேன்னு இன்னும் வைக்கலை.

குடைக்காரி: குடையம்மாவா?

வழிகாட்டி: வர்றவங்க பேரையெல்லாம் மனப்பாடம் பண்ண முடியுமா? கையில என்ன இருக்கோ அதை வச்சுக் கூப்பிடுவேன். நீங்க குடையம்மா, அவர் கேமரா சார். ஆமா, வாசல்ல குடையை வாங்கி வைக்கலையா?

குடைக்காரி: கேட்டாங்க. நான் குடுக்கலை. திரும்பி வர்றப்ப வேற யாரோட குடையையாவது நீட்டுவாங்க.

வழிகாட்டி: விவரமான ஆளுதான்.

கேமராக்காரர்: அம்மா, ஒரு சந்தேகம். பலகையில நீளம், அகலம், எந்த மரம், யார் செஞ்சதுன்னுதான் போட்டிருக்கு. ராஜா குள்ளம்னு எங்கயும் இல்லையே.

வழிகாட்டி: போட மாட்டாங்க.

கேமராக்காரர்: அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?

வழிகாட்டி: தெரியாது.

கேமராக்காரர்: தெரியாமலா சொன்னீங்க?

வழிகாட்டி: முக்காலி உண்மை. கால் எட்டலைங்கறது என் கணக்கு.

கேமராக்காரர்: அதாவது... பொய்.

வழிகாட்டி: யூகம் சார். யூகத்துக்கு மேல கொஞ்சம் மசாலா. வாங்க, இப்படி ஆயுத அறைக்குப் போவோம். நிலைப்படி தாழ்வா இருக்கும், தலை பத்திரம்.

குடைக்காரி: சார், குனிஞ்சு வாங்க சார்... அய்யோ! இடிச்சுக்கிட்டீங்களா?

கேமராக்காரர்: இல்ல... ஒண்ணுமில்ல.

வழிகாட்டி: என்ன குடையம்மா, கட்டின புருஷனை சார்னு கூப்பிடுறீங்க?

குடைக்காரி: அது... வந்து... ஆபீஸ்ல கூப்பிட்டுக் கூப்பிட்டு...

வழிகாட்டி: ரெண்டு பேரும் ஒரே ஆபீஸா?

குடைக்காரி: ஆமா.

கேமராக்காரர்: இல்ல.

வழிகாட்டி: ஒருத்தர் ஆமாங்கறீங்க, ஒருத்தர் இல்லங்கறீங்க. புருஷன் பொண்டாட்டிதான், நம்பிட்டேன்.

கேமராக்காரர்: முன்னாடி ஒரே ஆபீஸ். இப்ப வேற வேற. வாளைப் பத்திச் சொல்லுங்கம்மா.

வழிகாட்டி: இந்த நடு வாள் இருக்கே, இது ஒரு ஆளைக்கூட வெட்டினதில்ல.

கேமராக்காரர்: இதுவும் யூகமா?

வழிகாட்டி: பிடியைப் பாருங்க. சுத்திக் கல்லாப் பதிச்சிருக்கு. சண்டைக்குப் போறவன் தன் உள்ளங்கையையே குத்துற மாதிரி கல்லைப் பதிச்சுக்குவானா? இது இடுப்புல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்க. மிஞ்சிப் போனா இதை வச்சுப் பழம் நறுக்கியிருப்பாங்க.

குடைக்காரி: பழமா!

வழிகாட்டி: நிஜமா வெட்டின வாளெல்லாம் வெட்டுனவனோடவே துருப்பிடிச்சுப் போச்சு. அதையெல்லாம் யாரு கண்ணாடிப் பெட்டியில வைக்கறா?

கேமராக்காரர்: அம்மா, உங்களுக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருப்பாங்களே... எந்த அறையில என்ன சொல்லணும்னு.

வழிகாட்டி: குடுத்தாங்க. ஒரு தாள்.

கேமராக்காரர்: அது எங்க?

வழிகாட்டி: டிக்கெட் குடுக்கற இடத்துல மேஜை ஒண்ணு ஆடிக்கிட்டே இருந்துச்சு. காலுக்கு அடியில மடிச்சு வச்சேன். இப்ப ஆடலை.

குடைக்காரி: ஹ்ஹ...

கேமராக்காரர்: சிரிக்காதீங்... சிரிக்காதே.

வழிகாட்டி: அந்தத் தாளைப் படிச்சுச் சொல்ல நான் எதுக்கு? சுவத்துல அம்புக்குறி போட்டாப் போதுமே. வாயை மூடிக்கிட்டு வழியைக் காட்ட நான் என்ன அம்புக்குறியா?

கேமராக்காரர்: மேல யாராவது கேட்டா?

வழிகாட்டி: கேட்டாச்சே. உங்களுக்குத் தெரியாதா? ...தெரியாதுதான், நீங்க சுத்திப் பார்க்க வந்தவங்க. என் மேல புகார் போயிருக்கு சார்.

குடைக்காரி: அப்படியா? என்ன... என்ன புகார்?

வழிகாட்டி: எந்தப் புண்ணியவதியோ மேலாபீஸுக்குப் போன் பண்ணியிருக்கா. நான் வாயைத் திறந்தா பொய்யாம். அதுலயும் அந்தப்புரத்துல ஒரு ராணிக் கதை சொல்றேன், அதைக் கேட்டுப் பிள்ளைங்க பயப்படுதாம். மேலாளர் கூப்பிட்டு, அந்த ராணிக் கதையை விடு, இல்ல வேலையை விடுன்னுட்டார்.

கேமராக்காரர்: நீங்க என்ன சொன்னீங்க?

வழிகாட்டி: வேலையை வேணா விடுறேன்னேன்.

குடைக்காரி: ஒரு கதைக்காகவா?

வழிகாட்டி: ஒரு கதைக்காகத்தான். ராஜா குள்ளம்னு சொல்லாதேன்னா சொல்ல மாட்டேன். இந்த வாள் ஆயிரம் தலையை வெட்டுச்சுன்னு சொல்லுன்னா சொல்லிட்டுப் போறேன், எனக்கென்ன? அந்த ராணிக் கதையை மட்டும் விட மாட்டேன். நான் இந்த வாசல்ல நிக்கிற வரைக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லத்தான் செய்வேன்.

கேமராக்காரர்: அப்படி என்ன கதை அது?

வழிகாட்டி: வாங்க, மாடி ஏறணும். கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க. படி ஒண்ணு உயரம், ஒண்ணு குட்டை. எதிரி ஓடி வந்தா தடுக்கி விழணும்னு இப்படிக் கட்டினாங்க.

கேமராக்காரர்: இது பலகையில இருக்கு, நானும் படிச்சேன்.

வழிகாட்டி: இருக்கு. ஆனா எதிரி ஒருத்தன்கூட மாடிக்கு வந்ததில்ல. அந்தக் காலத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் தடுக்கி விழுறது பாத்திரம் தூக்குறவளும் தரை துடைக்கிறவளும்தான். என் முட்டியைக் கேளுங்க, அது சொல்லும்.

குடைக்காரி: அக்கா... உங்களுக்குப் பயமா இல்லையா? வேலை போயிட்டா?

வழிகாட்டி: பயம் இல்லாம? வீட்டுக்காரர் படுத்த படுக்கை. மக படிக்கிறா. பயந்தா மட்டும் சம்பளத்தை ஏத்தியா குடுக்கப் போறாங்க? ...நில்லுங்க. இதுதான் அந்தப்புர வாசல். இங்கேர்ந்து நான் சொல்றபடி கேக்கணும்.

கேமராக்காரர்: சொல்லுங்க.

வழிகாட்டி: குரலைத் தாழ்த்துங்க. உள்ள போனதும் வலது பக்கச் சுவத்தை ஒட்டி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க. குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, கைதட்டக் கூடாது. ராணிக்குச் சத்தம் ஆகாது.

கேமராக்காரர்: எந்த ராணிக்கு?

வழிகாட்டி: இங்க இருந்தவளுக்கு. அவளுக்குத் தீராத தலைவலி. ஊசி விழுந்தாக்கூட மண்டைக்குள்ள இடி இடிச்ச மாதிரி இருக்குமாம். ஒருநாள் ராஜா வேட்டையில ஜெயிச்சு மேளதாளத்தோட நேரா இந்த அறைக்குள்ள வந்துட்டார். அந்த இடது பக்கம், ஜன்னலுக்குக் கீழ, அங்கதான் அவ படுத்திருந்தா. எழுந்து உக்காந்தா. ராஜான்னும் பார்க்கலை. 'இந்த இடத்துல நின்னு சத்தம் போடுறவன் எவனுக்கும் நினைச்ச காரியம் விளங்காது'ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டா.

குடைக்காரி: செத்துட்டாளா?

வழிகாட்டி: செத்துட்டா. அன்னையிலேர்ந்து அந்த இடது பக்கம் போய் நின்னா... பள்ளிக்கூடத்துப் பிள்ளைன்னா பரீட்சையில ஃபெயில். புதுசாக் கல்யாணம் ஆனவங்கன்னா வாசல் தாண்டுறதுக்குள்ள சண்டை.

கேமராக்காரர்: ஆபீஸர்னா?

வழிகாட்டி: இடமாற்றம். தண்ணி இல்லாத காட்டுக்கு.

குடைக்காரி: சார், நாம வலது பக்கமே...

கேமராக்காரர்: சும்மா இரு. அம்மா, இந்த ராணி பேர் என்ன?

வழிகாட்டி: பேரா?

கேமராக்காரர்: பேர். எந்த ராஜாவோட பொண்டாட்டி? எந்த வருஷம்? வம்சப் பட்டியல் கீழ மாட்டியிருக்கு, நான் வரி விடாமப் படிச்சுட்டுத்தான் வந்தேன். தலைவலியில செத்த ராணி யாரும் அதுல இல்ல.

வழிகாட்டி: பட்டியல்ல ராணிங்களே இல்ல சார். ராஜா, அவர் மகன், அவர் மகன்... எல்லாரும் அப்பாவுக்கே பொறந்த மாதிரி இருக்கு.

கேமராக்காரர்: பேச்சை மாத்தாதீங்க. ராணி உண்டா, இல்லையா?

வழிகாட்டி: இல்ல.

கேமராக்காரர்: இல்லையா!

வழிகாட்டி: நான் உண்டாக்கினவ. தலைவலியும் நான் குடுத்ததுதான். சாபமும் என்னோடதுதான்.

கேமராக்காரர்: இது மூடநம்பிக்கை இல்லையா? பச்சைப் பிள்ளைங்ககிட்ட பரீட்சையில ஃபெயில் ஆயிடுவேன்னு... நீங்க இதைச் சொல்லலாமா? நான் அங்கயே போய் நின்னு ஒரு போட்டோ எடுத்துக் காட்டுறேன், என்ன ஆகுதுன்னு பார்ப்போம்.

வழிகாட்டி: வேண்டாம் சார்.

கேமராக்காரர்: ஜன்னலுக்குக் கீழதானே? இதோ வந்துட்டேன். ராணியம்மா, வணக்கம்! கைதட்டட்டுமா?

வழிகாட்டி: சார், தட்டாதீங்க... இந்தப் பக்கம் வாங்க. ஓடாதீங்க, மெதுவா... வாய்யான்னா!

குடைக்காரி: அக்கா, ஏன் கத்துறீங்க?

கேமராக்காரர்: என்ன இது... தோள் மேல... கேமரா மேலெல்லாம்... மாவு மாதிரி?

வழிகாட்டி: ராணியோட பவுடர்.

கேமராக்காரர்: விளையாடாதீங்கம்மா.

குடைக்காரி: சார்... மேல பாருங்க.

கேமராக்காரர்: எங்க?

குடைக்காரி: நடு உத்தரம். அந்தப் பெரிய மரம், கூரையைத் தாங்குதே... வளைஞ்சிருக்கு சார். அந்தப் பூ வரைஞ்சிருக்கிற இடத்துல பிளந்திருக்கு.

வழிகாட்டி: பிளந்த பிறகுதான் பூ வரைஞ்சாங்க. யாரோ பெரியவங்க பார்க்க வர்றாங்கன்னு அவசர அவசரமா விரிசல்ல பட்டி பூசி, மேல பெயிண்ட் அடிச்சு, அதுக்கு மேல பூ. வந்தவங்க அண்ணாந்து பார்த்துட்டு, ஆகா என்ன வேலைப்பாடுன்னுட்டுப் போனாங்க.

கேமராக்காரர்: இது... எத்தனை நாளா இப்படி?

வழிகாட்டி: ஒரு நிமிஷம் பேசாம இருங்க. மூச்சைக்கூட மெதுவா விடுங்க... கேக்குதா?

குடைக்காரி: ...ஏதோ... கறுக் கறுக்னு...

வழிகாட்டி: வண்டு. மரத்தை உள்ளேர்ந்து தின்னுக்கிட்டு இருக்கு. காலையில வந்ததும் நான் முதல் வேலையா இதைத்தான் கேப்பேன். நேத்தைக்கு இன்னிக்கு அதிகமா, கம்மியான்னு. இடது பக்கம்தான் மோசம். பிள்ளைங்க பஸ் பஸ்ஸா வருதுங்க சார். மாடின்னதும் குதிக்கும். ஜன்னல்னதும் ஓடும். தளம் அதிர்ந்தா உத்தரம் சும்மா இருக்குமா?

குடைக்காரி: அதுக்குத்தானா... ராணி...

வழிகாட்டி: முதல்ல கயிறு கட்டினேன். மேலாளர் அவிழ்த்தார். ஜனம் வர்றதே அந்தப்புரத்தைப் பார்க்கத்தான், கயித்தைப் பார்க்கவா வருதுன்னார். அட்டையில 'அபாயம்'னு எழுதி வச்சேன். கிழிச்சுப் போட்டு, அரண்மனை பேரைக் கெடுக்கிறியான்னார். ஓடாதேன்னு பிள்ளைங்ககிட்ட வாயால சொன்னேன். எந்தப் பிள்ளை கேக்கும்? பரீட்சையில ஃபெயில்னேன். அவ்வளவுதான்... பூனை மாதிரி நடந்து வந்துச்சுங்க. ஒரு பொய்யை வச்சு இத்தனை நாள் இந்தக் கூரையைத் தாங்கிக்கிட்டு இருக்கேன்.

கேமராக்காரர்: அம்மா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

வழிகாட்டி: சொல்லுங்க.

கேமராக்காரர்: நாங்க புருஷன் பொண்டாட்டி இல்ல.

வழிகாட்டி: அடடா.

கேமராக்காரர்: மேலாபீஸ்லேர்ந்து வர்றோம். உங்க மேல வந்த புகாரை விசாரிக்க. நான் உதவி அதிகாரி. இவங்க என் பிரிவு எழுத்தர்.

வழிகாட்டி: தெரியும் சார்.

கேமராக்காரர்: எப்படி? இவங்க சார்னு கூப்பிட்டதாலயா?

குடைக்காரி: நான்தான் கெடுத்துட்டேன்...

வழிகாட்டி: அதுக்கு முன்னாடியே. வாசல்ல டிக்கெட் வாங்கினதும், நாலா மடிச்சு, பர்ஸ்ல பத்திரமா வச்சீங்க பாருங்க. ஊர் சுத்த வந்தவன் அதை விசிறிக்கிட்டே வருவான், இல்ல கீழ போடுவான். ஆபீஸ்ல காட்டிக் காசைத் திரும்ப வாங்கறவன்தான் அப்படிப் பொத்திப் பொத்தி வைப்பான்.

கேமராக்காரர்: தெரிஞ்சும் ராஜா குள்ளம்னு சொன்னீங்களா?

வழிகாட்டி: தெரிஞ்சதாலதான் ஒண்ணு விடாமச் சொன்னேன்.

குடைக்காரி: கீழ என்ன சத்தம்?

வழிகாட்டி: பள்ளிக்கூட பஸ். ரெண்டு வந்திருக்கு. இப்ப வாசல்ல வரிசையில நிப்பாங்க. சிம்மாசனம், வாள் எல்லாம் பார்த்துட்டு நேரா இங்கதான். சரி சார், பார்த்துட்டீங்க. இப்ப என்ன பண்ணப் போறீங்க?

கேமராக்காரர்: எழுதுறேன். விசாரணை அறிக்கையிலேயே உத்தரத்தைப் பத்தியும் ஒரு வரி...

வழிகாட்டி: ஒரு வரியா?

கேமராக்காரர்: புரிஞ்சுக்குங்கம்மா. நான் வந்தது உங்களை விசாரிக்க. கட்டடம் வேற பிரிவு. அவங்க வந்து பார்த்து, மதிப்பீடு போட்டு...

வழிகாட்டி: கூரை விழும்போது பிரிவு பார்த்தா விழும்?

கேமராக்காரர்: நான் பாட்டுக்கு மூடச் சொல்ல முடியாது. 'அரண்மனை முழுவதும் திறந்திருக்கிறது'ன்னு போன வாரம்தான் ஊர் பூரா விளம்பரம் ஒட்டியிருக்காங்க. என் மேலதிகாரி கேட்டா நான் என்ன பதில் சொல்றது?

வழிகாட்டி: சரி.

கேமராக்காரர்: என்ன சரி? ...எங்க போறீங்க? அம்மா! அந்தப் பக்கம் போகாதீங்க!

வழிகாட்டி: ஏன் சார்? சாபமெல்லாம் பொய்யின்னீங்களே.

கேமராக்காரர்: உத்தரத்துக்கு நேர் கீழ நிக்கிறீங்க. இந்தப் பக்கம் வாங்க.

வழிகாட்டி: மாட்டேன்.

கேமராக்காரர்: அம்மா, பிடிவாதம் பிடிக்காதீங்க.

வழிகாட்டி: பிடிவாதம்தான். பணிவாச் சொல்லிப் பார்த்தாச்சு, கெஞ்சிப் பார்த்தாச்சு, பொய் சொல்லியும் பார்த்தாச்சு. இனிமே இதுதான் மிச்சம். இந்த அறையை மூடுன்னு உங்க வாயால நீங்க சொல்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன். பிள்ளைங்க மேல வந்தாலும் சரி, உங்க அதிகாரி வந்தாலும் சரி.

கேமராக்காரர்: இது மிரட்டல்.

வழிகாட்டி: ஆமா.

கேமராக்காரர்: இதையும் அறிக்கையில எழுத வேண்டி வரும்.

வழிகாட்டி: எழுதுங்க. நல்லா கொட்டை எழுத்துல எழுதுங்க. சத்தமாப் பேசுறேன்னும் சேர்த்து எழுதுங்க! பாருங்க, கொட்டுது...

கேமராக்காரர்: கத்தாதீங்கம்மா! நீங்களாவது சொல்லுங்களேன் இவங்ககிட்ட... ஏய், நீங்க எங்க போறீங்க?

குடைக்காரி: நானும் நிக்கிறேன் சார்.

கேமராக்காரர்: உங்களுக்கு என்ன வந்தது?

குடைக்காரி: என் பையன் பள்ளிக்கூடத்துலயும் இந்த மாசம் இங்கதான் கூட்டிட்டு வர்றாங்க சார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்.

கேமராக்காரர்: அதுக்காக? உங்களுக்கு வேலை வேண்டாமா?

குடைக்காரி: வேணும் சார். நின்னுக்கிட்டே கேக்குறேன், வேணும்.

வழிகாட்டி: நீ போ தங்கச்சி. நான் ஒருத்தி போதும்.

குடைக்காரி: இருக்கட்டும் அக்கா.

வழிகாட்டி: எதுக்கு இப்ப குடையை விரிக்கிறே? குடையை வச்சு உத்தரத்தைத் தாங்கப் போறியா?

குடைக்காரி: கண்ணுல தூள் விழுது அக்கா. கொஞ்சம் இப்படித் தள்ளி வாங்க, ரெண்டு பேருக்கும் பத்தும்.

கேமராக்காரர்: ரெண்டு பேருக்கும் பைத்தியமா பிடிச்சிருக்கு? ...சரி. சரி! போனை எடுக்கிறேன், இதோ பாருங்க, எடுத்துட்டேன். ஹலோ... மேலாளர்தானே? நான் மேலாபீஸ். ஆமா, விசாரணைக்கு... எப்ப வர்றேனா? உள்ளதான் இருக்கேன் ஐயா. அந்தப்புரத்துல. டிக்கெட் எடுத்துத்தான் வந்தேன்... காபி எல்லாம் வேண்டாம், சொல்றதைக் கேளுங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்களை மாடிக்கு அனுப்பாதீங்க. ...ஆமா, ஒரு பிள்ளைகூட. அந்தப்புரத்தை மூடுறேன்.

வழிகாட்டி: எப்ப வரைக்கும்னு சொல்லுங்க.

கேமராக்காரர்: உத்தரம் மாத்துற வரைக்கும். ...விளம்பரமா? தெரியும், பார்த்தேன். ...யார் உத்தரவா? ...என் உத்தரவு ஐயா. என் பேர் போட்டு எழுதிக்குங்க. கீழேர்ந்து கயிறு குடுத்தனுப்புங்க, கூடவே ரெண்டு ஆளை அனுப்புங்க... இல்ல, மாடி வாசல்லயே நிக்கட்டும், உள்ள வரக் கூடாது. ...வச்சுடுறேன்.

குடைக்காரி: சார்!

கேமராக்காரர்: வாங்க, மெதுவா வாங்க. சுவத்தை ஒட்டி வாங்க. குடையை மடக்குங்க முதல்ல, இடிக்கப் போகுது... அப்பாடா. என் போன் எங்க?

வழிகாட்டி: கையிலதான் இருக்கு. இப்படிப் படியில உக்காருங்க சார். முதல் தடவை எதிர்த்துப் பேசினா இப்படித்தான் ஆகும். போகப் போகச் சரியாயிடும்.

கேமராக்காரர்: நான் ஒண்ணும் எதிர்த்துப் பேசலை. உத்தரவு போட்டேன்.

வழிகாட்டி: சரி, உத்தரவுதான்.

கேமராக்காரர்: ஆனா அம்மா, உங்க புகார் அப்படியேதான் இருக்கு. அதை நான் மறைக்க முடியாது. பொய் சொன்னீங்களான்னா, சொன்னீங்க. எழுதித்தான் ஆகணும்.

வழிகாட்டி: மறைக்கச் சொல்லலையே. ராணி பொய், ஏன்னா உத்தரம் நிஜம்னு எழுதுங்க. அதுக்கு மேல அவங்க பாடு.

குடைக்காரி: ஒருவேளை வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னா?

வழிகாட்டி: எடுக்கட்டும். வாசலுக்கு வெளிய நின்னு சொல்வேன். அங்க யாரு என்னைத் தடுப்பா? தெருவுக்கும் டிக்கெட்டா போட்டிருக்காங்க?

கேமராக்காரர்: இவ்வளவு நல்லது செஞ்சுக்கிட்டு இருக்கிற ஆளு மேல போய் யாரு புகார் குடுத்திருப்பா? உங்களுக்குப் பகையாளிங்க யாராவது உண்டா?

வழிகாட்டி: எனக்கா...

குடைக்காரி: அந்தப் போனை எடுத்ததே நான்தான் அக்கா. ஒரு பொம்பளை. தொண்டை கட்டின மாதிரி, மூக்கால பேசுற மாதிரி ஒரு குரல். என்ன கோவம் தெரியுமா! அவ ஒரு புளுகுணி, அவளைச் சும்மா விடாதீங்க, சொல்லாமக் கொள்ளாம வந்து கையும் களவுமாப் பிடிங்கன்னு ஒரே சத்தம். பேர் கேட்டா வச்சுட்டாங்க.

கேமராக்காரர்: உங்க கதை ஒவ்வொண்ணும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. முக்காலி, வாள், தலைவலி... அந்தப்புரத்தை மட்டும் பார்க்காமத் திரும்பிடாதீங்கன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க. யாரும்மா அது? உங்களுக்குத் தெரிஞ்சவங்களாத்தான் இருக்கணும்.

வழிகாட்டி: நல்லாத் தெரிஞ்சவதான். இந்த உத்தரம் விழப் போகுதுன்னு எத்தனையோ தடவை போன் பண்ணிப் பார்த்தேன் சார், ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. ஒருத்தி பொய் சொல்றான்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு போன்தான் பண்ணினேன்... ரெண்டு பேரு புருஷன் பொண்டாட்டி வேஷம் கட்டிக்கிட்டு ஓடி வந்துட்டீங்க.